அம்மாவின் வலி, மகளின் வலி



சுன்னாகம் சந்தைக்குள் இந்த நேரம் எத்தனை பெண்கள் மரக்கறிக் கூடையோடு நிற்பார்கள்! அவர்களில் சிலர் மாதவிலக்கு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நிற்கவும் கூடும்.

அப்படியான வலிக்கு ஒரு காரணம், கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்த இழையத்தை வளர்ப்பது ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன். 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்று, ஓமோன்களோடு தொடர்புடைய மரபணுக்களின் அருகே நோயோடு இணைந்த மாற்றங்களைக் கண்டது. ஒன்று, ஈஸ்ட்ரஜனின் கட்டளையை ஏற்கும் ஏற்பியை ஆக்கும் ஈஎஸ்ஆர்1. இன்னொன்று, சூலகத்தைத் தூண்டும் ஓமோனை ஆக்க உதவும் எஃப்எஸ்எச்பி. 2023இல், நோயுள்ள 60,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து, மரபணுத் தொகுதியில் நோயோடு இணைந்த 42 இடங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆராயப்பட்ட பெண்கள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். நம் பெண்களிடமும் இப்படியான பெரிய ஆய்வுகள் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றமும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டும். ஆகவே இது தலைவிதி அல்ல. ஆனால் அம்மாவுக்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்தால், பிள்ளையின் வலியைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். பள்ளிக்கூடம் போக முடியாத அளவு வலி சாதாரணமானதல்ல. "பொம்பிளைப் பிள்ளை பொறுக்கத்தான் வேணும்" என்று சொல்லாமல், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். குடும்ப வரலாற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.