மனை பிரிக்குமுன்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2011ஆம் ஆண்டு தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கிற்று. 300 சதுர அடி வீடு; சூரிய ஒளியால் எரியும் 5 விளக்குகள். விளக்கை அரசு தந்தது. வீட்டின் குளிர்ச்சியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். அது முளையடிக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது.

உச்சிவெயிலுக்குத் தெற்கே கூரையைச் சற்று நீட்டினால் சுவருக்கு நிழல் கிட்டும். பிற்பகல் வெயிலோ தாழ்ந்து வந்து மேற்குச் சுவரைச் சுடும். அங்கே கூரை நீட்டம் பயன்படாது. ஆதலின் தெருக்களைக் கிழக்கு மேற்காக இட்டு, நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்குமாறு கட்டுவோம்.

சாலையைப் பார்க்க வேண்டுமென்று மேற்கு நோக்கிக் கட்டிய குடியிருப்பொன்றுக்குச் சென்றிருந்தோம். அந்தியிலும் தாய்மார்கள் குழந்தைகளுடன் தெருவில் அமர்ந்திருந்தனர். உள்ளே மின்விசிறி அனலையே வீசிற்று. அந்த வரைபடத்தில் கையெழுத்திட்டோர் நாமே!

கூரைக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். மேற்கே வேம்பும் புங்கும் நடலாம். ஆனால் பிரித்த மனையைப் பேரர் காலத்திலும் மாற்ற இயலாது. எனவே ஒரு மாலை அந்நிலத்தில் நின்று வெயில் வரும் வழியைப் பார்ப்போம். பிறகு கயிறு பிடிப்போம்.