உள்ளங்கையில் ஒரு சிறு புள்ளி
(அறுப்பின் பண்டிகை ஆராதனையில் எங்கள் மருத்துவமனை சார்பில் ஆற்றிய உரை)



இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும் ஒரகடத்தில் 2010-லும் கார் உற்பத்தி தொடங்கியது. அந்தப் பெரிய மதில்களை நீங்கள் பஸ்ஸிலிருந்தே பார்த்திருப்பீர்கள். நாங்கள் பார்ப்பது, சுற்றிலும் தகரக் கொட்டகைகளில் கைமாறி வந்த லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைத்துப் பிழைப்பவர்களை.

அப்படியொரு பட்டறையிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டிவந்தார்கள். உள்ளங்கையில் பட்டாணி அளவு கருகல், அவ்வளவுதான். "மருந்து போடுங்க சிஸ்டர், வேலைக்குப் போகணும்" என்றார். நாங்கள் விடவில்லை. மெயினை அணைக்கும்வரை அவர் கை மெஷினைப் பிடித்தபடியே இறுகிக் கிடந்தது என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். இரவில் சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் இறங்கியது. தோலுக்கு அடியில் தசை வெந்து, அதன் நிறப்பொருள் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்தது. விடியவிடிய குளுகோஸும் சலைனும் ஏற்றினோம், இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருந்தோம், முன்கையைத் திறந்து இறுக்கத்தைத் தளர்த்தினோம். உயிர் தப்பியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் பட்டறைக்காரர் வந்து அழுதார். வயரிங் அவர் கைவேலைதான். எர்த் கம்பி இல்லாததால் நியூட்ரலையே மெஷினின் உடம்போடு முடிந்திருக்கிறார். அன்று ஒன்றும் ஆகாது, அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். பிறகொரு நாள் அதிர்வில் நியூட்ரல் விட்டுப்போகும். மோட்டார் நின்றுவிடும். ஆனால் 230 வோல்ட், மோட்டார் சுருள் வழியாக இரும்பு உடம்புக்கு வந்து காத்திருக்கும். ஏன் நின்றது என்று பார்க்க மனுஷன் கை வைப்பான். ப்யூஸும் போகாது; ஆளைக் கொல்லும் மின்சாரம் ப்யூஸை உருக்கப் போதாது.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. (எங்கள் பழைய ஜெனரேட்டர் அறையைத் திறந்து பார்த்தோம். பார்த்தது நல்லதாயிற்று.)

இந்தச் சபையிலும் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். மெஷினிலிருந்து எர்த்துக்குத் தனிப் பச்சைக் கம்பி போகிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் சிகிச்சைச் செலவை உங்கள் காணிக்கை தாங்கியது. இடது கையால் எழுதப் பழகுகிறார். பட்டறைக்காரர்தான் நோட்டு வாங்கிக் கொடுத்தார். இருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.