இருப்பிடமும் இல்லமும்

மேலை நாடுகளில், மோட்டாரின் பின்னே பூட்டிக் குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டியைத் தம் கையாலேயே சிறு வீடாக மாற்றிக் குடியிருப்போர் உளர். இவ்வித முயற்சி நமக்குப் புதிதன்று. மும்பையை அடுத்த கல்யாண் அருகே, இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்க்கென எழுந்த முகாமில், 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்து அகதிகள் குடியேறினர். 1949இல் அங்கே உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அந்நாள் கவர்னர் ஜெனரல் இராஜாஜி. அந்த நீண்ட கொட்டகைகளில் குடும்பங்களுக்கு இடையே துணித்திரையே சுவராயிற்று.

குதிரை வண்டியை மாற்றுவோர் முதலில் தரையை நோக்குதல் வேண்டும். சிறுநீர் ஊறிய பலகை மேலே உறுதியாகத் தோன்றினும் அடியில் உளுத்திருக்கும். விரிப்பை அகற்றிக் கம்பியால் குத்திப் பார்த்தலே முறை. அடுத்தது காற்று. தகரக் கூரையின் வெப்பத்தைத் தாராவியில் பரண்மீது உறங்குவோர் நன்கறிவர். எதிரெதிரே இரு திறப்புகள் தேவை. அடைத்த இடத்தில் அடுப்பை எரியவிட்டு உறங்குதல் உயிருக்கே கேடு.

மூன்றாவது மறைவு. மாதுங்காவில் ஒற்றை அறையில் வாழ்ந்தபோது, தேர்வுக்குப் படித்த எங்கள் மகளுக்காகப் பழஞ்சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினோம். அதன்பின் அவள் விளக்கு எங்கள் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. எங்கள் பேச்சும் அவள் படிப்பைக் கெடுக்கவில்லை. அன்றுதான் அவ்வறை எங்களுக்கு இல்லமாயிற்று.

கூரையும் தரையும் இருப்பிடத்தைத் தரும். ஒருவர் தனித்திருக்க மற்றவர் விட்டுக்கொடுக்கும் இடமே அதனை இல்லமாக்கும்.