பூத்தும் காய்க்காத கொடி

வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேச வந்தவன், தன் கையாற் கெட்ட ஒரு கொடியின் கதையை முதலில் எடுப்பது முறைதானா என்று நீங்கள் எண்ணலாம். எனக்குத் தோட்ட வேலையைக் கற்பித்தது அந்தக் கொடியாதலால் அதிலிருந்தே தொடங்குகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்திலே, ஐப்பசி பிறந்ததும் பரங்கி விதை ஊன்றினேன். சில ஊர்களில் இதனை மஞ்சட் பூசணி என்பர். ஓரடி ஆழத்திற்குக் குழி தோண்டி, மட்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, நான்கு விதை இட்டு, முளைத்தபின் செழுமையான ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். கொடி வேலியைத் தழுவிப் படர்ந்தது. கார்த்திகைக் கடைசியில் பூக்கவும் தொடங்கிற்று. நாள்தோறும் ஐந்தாறு பொன்னிறப் பூக்கள் மலரும்; அன்றே வாடிச் சுருங்கும்; பிறகு உதிர்ந்துவிடும். ஒரு பிஞ்சையும் காணோம். பத்து நாள் பொறுத்தேன். பின்னர் ஒரு மாலைப் பொழுதில், இது மலட்டுக் கொடி என்று முடிவு கட்டி, வேரோடு பிடுங்கி வேலியோரம் எறிந்துவிட்டேன்.

அது மார்கழி மாதம். வாசற் கோலத்தின் நடுவே சாண உருண்டையிற் செருகுவதற்காக, அடுத்த வீட்டுப் பாட்டி விடியற்காலையில் எங்கள் கொல்லைக்கு வந்து பரங்கிப் பூப் பறித்துச் செல்வது வழக்கம். மறுநாள் வந்தவர் திகைத்து நின்றார். “என்ன தம்பி, இப்படிச் செய்துவிட்டாய்! பிஞ்சுப் பூ இப்போதுதானே தலைகாட்டியிருக்கிறது?” என்று சொல்லி, வாடிக் கிடந்த கொடியின் நுனியைத் தூக்கிக் காட்டினார். மூன்று மொட்டுகளின் அடியில், சுண்டைக்காய் அளவில், மூன்று பச்சைப் பிஞ்சுகள் இருந்தன. இத்தனை நாளும் அவர் பறித்தவையெல்லாம் பிஞ்சில்லாத பூக்களே என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ‘ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே தோன்றும்’ என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்! அந்த விடை என் கொல்லையிலேயே படர்ந்து கிடந்ததை அறியாமற் போனேன்.

பரங்கியில் முதலில் வருபவை ஆண் பூக்கள். விதைத்த ஆறு வாரத்திற்குள் அவை தோன்றலாம். பெண் பூக்கள் சில நாள் கழித்தே வரும். பிறகும் ஆண் பூக்களே மிகுதியாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஆண் பூவின் காம்பு நீண்டு மெலிந்திருக்கும். நடுவே மஞ்சட் பொடி பூசிய ஒரே தண்டு நிற்கும். பெண் பூவின் காம்பு குட்டையானது. இதழ்களுக்குக் கீழே சிறு பிஞ்சு ஒன்று, மலர்வதற்கு முன்னரே அமைந்திருக்கும். அந்தப் பிஞ்சைக் கண்டவுடன் காய் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் சூல்முடியிற் படியாவிட்டால், அது இரண்டொரு நாளில் மஞ்சளித்து விழுந்துவிடும்.

இந்த உண்மையை மேனாட்டாரும் நெடுங்காலம் ஐயத்தோடுதான் நோக்கி வந்தனர். ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரில் வாழ்ந்த காமராரியுஸ் என்னும் அறிஞர், நம் ஊர் வேலிகளில் வளரும் ஆமணக்கையே எடுத்துக்கொண்டு சோதித்தார். ஒரே குலையில் கீழே ஆண் பூக்களும் மேலே பெண் பூக்களும் உடையது ஆமணக்கு. ஆண் பூக்களை அவை விரியுமுன் கிள்ளியெறிந்தார். முளைக்கும் விதை கிட்டவில்லை. தாம் கண்டதை 1694இல் ஒரு கடிதமாக எழுதி வெளியிட்டார்.

பரங்கியின் மகரந்தம் கனமானது; ஒட்டுந்தன்மை உடையது. ஆதலால் காற்று அதனைச் சுமந்து செல்லாது. தேனீ போன்ற பூச்சிகளே கொண்டு சேர்க்க வேண்டும். விடாமழை நாட்களில் தேனீ வெளிவருவதில்லை. மகரந்தமும் நனைந்து கெடும். பூக்கும் காலத்தில் காலை வேளையிலே பூச்சிமருந்து அடிப்பவர்களும் இருக்கின்றார்கள். அவர்கள் கொல்வது தம் கொடிக்கு உழைக்க வரும் கூலியில்லா வேலையாட்களை!

தேனீ வராத வீட்டில் அந்த வேலையை நாமே செய்யலாம். சூரியன் எழுந்ததும் கொல்லைக்குச் செல்லுங்கள்; எட்டு மணிக்குப் பிறகு போனால் பயன் குறைவு, வெயில் ஏற ஏறப் பூ மூடிக்கொள்ளும். அன்று மலர்ந்த ஆண் பூவொன்றைக் காம்போடு பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவிலுள்ள தடித்த சூல்முடியின் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டா. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வையுங்கள். சில நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் உங்கள் வேலை பலித்தது. பிஞ்சுப் பருவத்தில் பழ ஈ முட்டையிடாதபடி மெல்லிய துணிப்பையால் மூடிவைப்பது நன்று.

எல்லாக் கொடிக்கும் காலை நேரமே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். பாகல் விடியலில் மலரும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். புடலின் வெண்பூ அந்தி மயங்கும் வேளையில் இழை இழையாக விரியும். இரவிற் பறக்கும் அந்துப்பூச்சிகள் வெண்பூக்களை நாடி வரும். அவற்றிற்கு நாம் துணை செய்வதானால் மாலையிலே செய்ய வேண்டும்.

வேறொரு தவறும் பலர் செய்வதுண்டு. காய்க்கவில்லையே என்று மேலும் மேலும் எருவும் யூரியாவும் இடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் இலையே செழிக்கும், பூ தாமதப்படும். நண்பகலில் இலை துவண்டிருப்பதைக் கண்டு குடங்குடமாக நீர் ஊற்றுவதும் அத்தகையதே. மாலையில் இலை தானே நிமிர்கிறதா என்று பாருங்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நீர் வேண்டா. தேங்கிய நீரில் வேருக்குக் காற்றில்லாமல் அழுகிப்போகும்.

மறு ஆண்டு ஐப்பசியில் அதே குழியில் மீண்டும் விதை ஊன்றினேன். முதற்பூக்களைப் பாட்டி பறித்துச் சென்றார். மார்கழியில் ஒரு காலை, முதற் பெண் பூ மலர்ந்த அன்று, கை நடுங்க மகரந்தம் தடவிச் சிவப்பு நூல் கட்டினேன். மாசிக் கடைசியில் அந்தக் காயை அறுத்துப் பாதியை அடுத்த வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி அதை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, “விதையை எடுத்து வைத்தாயா, தம்பி?” என்று கேட்டார்.