கரண்ட் பில் கட்ட ரெண்டே வழிதானா?

(லால்பேட்டை தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை எதுல கட்டுறீங்க? பெரும்பாலும் போன்பே, இல்லைன்னா கூகுள் பே. போன்பேயில் பெரும்பங்கு வால்மார்ட்டுக்குச் சொந்தம். ரெண்டுமே அமெரிக்க நிறுவனங்களின் கையில். யுபிஐ பரிவர்த்தனைகளில் 5-ல் 4 பங்கு இந்த ரெண்டு ஆப் வழியாகத்தான் போகுது.

ஆனா பணம் கிடப்பது நம்ம வங்கியில். யுபிஐ, பாரத் பில்பே ரெண்டையும் உருவாக்கியது நம்ம வங்கிகள் சேர்ந்து நடத்தும் என்பிசிஐ. சிதம்பரம் ரோடு அரசாங்கம் போட்டது. அதுல ரெண்டே முதலாளியோட பஸ் மட்டும் ஓடினா, டிக்கெட் விலையை யார் முடிவு பண்ணுவா?

அதனாலதான் எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2020-ல் என்பிசிஐ விதி போட்டது. ஆனா கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரை கொண்டுவந்துட்டாங்க. அதுக்குள்ள மொபைல் ரீசார்ஜுக்கு பிளாட்ஃபார்ம் கட்டணம் வந்தாச்சு!

கெடுவை இனியும் தள்ளக் கூடாது. இது நம்ம கோரிக்கை.

நீங்களும் பீம் ஆப், உங்க வங்கியோட ஆப், மின்வாரிய இணையதளம்னு மாத்தி மாத்திக் கட்டிப் பழகுங்க. ஒருத்தர் கட்டணம் ஏத்தினா, அடுத்த கடைக்குப் போக நமக்கு வழி இருக்கணும்.