பரவை முனியம்மாவுக்கு நாம் பட்ட கடன்

(அம்பாங்கில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ரசிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)



ஒரு பாட்டுக்காரம்மாவை நினைப்பதற்காக நாம் இங்கே கூடியிருக்கிறோம். அவர் நம் உறவினர் அல்லர். நம்மில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனாலும் பரவை முனியம்மா என்ற பெயரைச் சொன்னால், நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போலத்தான் நமக்கு இருக்கிறது. அது ஏன் என்று சொல்வதும், அந்த உறவை முன்னிட்டு நாம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பதும்தான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் அவர் மறைந்த நாளைச் சொல்லிவிடுகிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அம்மையார் மதுரையில் காலமானார். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் 18ஆம் தேதி முதல் நமது நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தது. இந்தியாவில் 25ஆம் தேதி முதல் ஊரடங்கு. இங்கே அம்பாங்கில் நாம் அடுக்குமாடி வீடுகளுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். அங்கே மதுரை மாவட்டம் முழுவதும் கதவு சாத்திக் கிடந்தது. இரண்டு பக்கமும் நோய்ப் பயம்.

சாதாரணக் காலமாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தாரை தப்பட்டை வந்திருக்கும். ஊர் ஊராகக் கலைஞர்கள் திரண்டிருப்பார்கள். வயலிலும் வீதியிலும் பாடிய பெண்கள் வந்து மாரடித்து ஒப்பாரி வைத்திருப்பார்கள். எத்தனையோ துக்க வீடுகளில் எழுந்த அந்தப் பாட்டு, அவருடைய வாசலில் ஊர் கூடி எழ முடியாமல் போயிற்று. நாமோ கைத்தொலைபேசியில் செய்தியைப் பார்த்தோம்; அவருடைய பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டோம்; பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சன்னலைத் திறந்து வைத்தோம். அவ்வளவுதான் நம்மால் செய்ய முடிந்த மரியாதை.

தோழர்களே, பரவை என்பது மதுரைக்குப் பக்கத்தில், திண்டுக்கல் போகிற வழியில் இருக்கும் ஊர். அந்த ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார் அம்மையார். சபையில் அமர்ந்து பாட்டுப் படித்தவர் அல்லர் அவர். ஊரில் பெண்கள் எதற்கெல்லாம் பாடுவார்களோ அதற்கெல்லாம் பாடியவர். தொட்டிலுக்குத் தாலாட்டு, நடவுக்கு ஒரு பாட்டு, களை பறிக்க ஒரு பாட்டு, முளைப்பாரிக்குக் கும்மி, சாமிக்கு ஒரு பாட்டு, சாவுக்கு ஒப்பாரி. இந்தப் பாட்டுகளோடு கிராமத்து மேடைகளில் ஏறினார். பிறகு ஆயிரக்கணக்கான மேடைகள் கண்டார். கடல் கடந்தும் போய்ப் பாடினார்.

உலகத்துத் தமிழருக்கெல்லாம் அவர் முகம் தெரிந்தது 2003ஆம் ஆண்டில்தான். தரணி இயக்கி, விக்ரம் நடித்து, வித்யாசாகர் இசையமைத்த ‘தூள்’ படம் அந்த ஆண்டு வந்தது. பேரன் பேத்தி எடுத்து ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் அவர் திரைக்கு வந்தார். கதாநாயகன் சண்டை போடுகிறான். பக்கத்தில் நின்று இந்தக் கிழவி பாடுகிறார். அடியை வாங்கியவர்களை நாம் மறந்துவிட்டோம், பாடியவரை மறக்கவில்லை. அதன் பிறகு ‘தமிழ்ப் படம்’, ‘மான் கராத்தே’ என்று பல படங்களில் தோன்றினார். தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையலும் செய்து காட்டினார். எங்கே வந்தாலும் அதே சேலைக்கட்டு, அதே மதுரைப் பேச்சு. சினிமாவுக்காகத் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை அவர்.

அவர் குரலில் என்ன இருந்தது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இனிமை என்று மட்டும் சொன்னால் போதாது. அது திறந்த வெளியில் பழகிய குரல். நடவு வயலில் ஒலிபெருக்கி ஏது? இந்தக் கரையில் குனிந்திருப்பவள் பாடினால் அந்தக் கரையில் இருப்பவளுக்குக் கேட்க வேண்டும். ஆகையால் தொண்டையைத் திறந்து, மேல் சுருதியில், அடியின் கடைசியை இழுத்துப் பாடுவார்கள். மற்றவர்கள் அந்த அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்வார். அடுத்த அடியையும் மனத்தில் கட்டிக்கொள்வார். எழுத்தில் இல்லாத பாட்டு அப்படித்தான் நடந்தது. இன்று ஒரு சொல், நாளை ஒரு சொல். இந்த ஊரில் ஒரு பெயர், அந்த ஊரில் வேறு பெயர். பாடுகிறவரே அதன் ஆசிரியரும் ஆவார். கூலி கொடுத்தவன் காதில் விழும்படி ஒரு குத்தலையும் பாட்டுக்குள் வைத்துவிடலாம். யார் சொன்னது என்று அவன் கேட்க முடியாது.

இந்தக் குரல் நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியபோது அவர்களிடம் பெட்டி படுக்கை அதிகம் இல்லை. பாட்டு இருந்தது. கங்காணி பேர் பதிந்து அழைத்து வந்த காலத்தில் தாலாட்டும் தெம்மாங்கும் கும்மியும் அவர்களோடு பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் வந்து இறங்கின. இங்கே நெல் வயல் இல்லை. ரப்பர் நிரை இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, இருட்டோடு இருட்டாக நிரைக்குள் போக வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதே மரத்தை வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அந்த நேரத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரு நிரையிலிருந்து பாட்டு எழுந்தால், ‘அக்கா அங்கேதான் இருக்கிறாள்’ என்று அடுத்த நிரைக்காரிக்குத் தைரியம் வரும். நடவுப் பாட்டு அப்படித்தான் நம்மிடையே தோட்டப் பாட்டு ஆயிற்று. நாற்று இருந்த இடத்தில் மங்கும் வாளியும் வந்தன. மிராசுதார் இருந்த இடத்தில் துரையும் மண்டோரும் வந்தார்கள். மெட்டு மட்டும் ஊரிலிருந்து வந்தபடியே இருந்தது.

ஒப்பாரியும் அப்படியே வந்தது. 1942இலும் 1943இலும் ஜப்பானியர் நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். ஆயிரம் ஆயிரமாகப் போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பிணம் இல்லை, பாடை இல்லை, குழி இருந்த இடமும் தெரியாது. லயத்து வாசலில் உட்கார்ந்து, உடலைப் பார்க்காமலே நம் பெண்கள் அழுதார்கள். 2020இல் முனியம்மாவுக்கு நேர்ந்ததைக் கேட்டபோது நம் பெரியவர்களுக்கு அந்த நினைவுதான் முதலில் வந்தது. கூடி அழ முடியாத சாவு என்றால் என்னவென்று தோட்டத்து ஜனங்களுக்குத் தெரியும்.

இனி நாம் மனம் விட்டுப் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கைதட்டினோம், விசில் அடித்தோம். ஆனால் பாடியவரின் முதுமை எப்படிக் கழிந்தது? அம்மையார் நோயில் விழுந்தார். வைத்தியத்துக்கும் வாழ்க்கைக்கும் பிறர் உதவியை நாட வேண்டி வந்தது. 2015இல் அன்றைய தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா, அவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையாகப் போட்டு, மாதம் 6,000 ரூபாய் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார். திரை உலகத்தாரில் சிலரும் கை கொடுத்தனர். 2019இல் கலைமாமணி விருது அளிக்கப்பட்டது. விருது வந்த அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். உதவியவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் தோழர்களே, ஆயுள் முழுவதும் உழைத்த ஒருவர் கடைசிக் காலத்தில் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை ஏன் வர வேண்டும்? மரம் வெட்டுகிறவருக்கு 1951 முதல் சேமநிதி இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் சொக்சோ வந்தது. அவை போதுமா என்பது வேறு பேச்சு. கேட்டு வாங்க ஓர் உரிமையாவது உண்டு. கோயில் திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் பாடப் போகிறவருக்கு எந்தக் கணக்கில் எது பிடிக்கப்படுகிறது? பாட்டும் உழைப்புதான். அந்த உழைப்புக்கு வெற்றிலை பாக்கும் ஒரு முழச் சேலையும் போதும் என்று நாமே பல காலம் நினைத்திருந்தோம்.

முனியம்மா தனி ஒருவர் அல்லர். சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மாளையும் நாம் அறிவோம். வானொலியில் நாட்டுப் பாடல் பாடியவர். 1985இல் பாண்டியராஜன் இயக்கிய ‘ஆண் பாவம்’ படத்தில் பாட்டியாக வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். 2025 ஜூன் 14ஆம் தேதி, நூறு வயதை நெருங்கியிருந்த நேரத்தில், அவரும் காலமானார். பள்ளிக்கூடம் எழுதித் தராத பாட்டுகளை நெஞ்சிலேயே வைத்திருந்த தலைமுறை இப்படி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அங்கே போனவர்களின் குரலாவது படத்திலும் வானொலியிலும் தங்கியிருக்கிறது. இங்கே? இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறோம். நாம் முன்பு இருந்த தோட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். லயத்தில் எந்தக் குழந்தைக்குத் தொட்டில் கட்டினாலும் அவர்தான் தாலாட்டு. மாரியம்மன் திருவிழாவில் கும்மிக்கு அவர்தான் முதல் குரல். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், அழைக்காமலே வந்து உட்கார்ந்து, செத்தவரின் உழைப்பையும் நல்ல குணத்தையும் பெயர் சொல்லிப் பாடி அழுவார். பிறகு திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து சினிமாப் பாட்டுக் குழு வந்தது. பாட்டியை மேடைக்குப் பின்னால் உட்கார வைத்தோம். அடுத்த ஆண்டு அவர் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று நாம் யாரும் போய்க் கேட்கவும் இல்லை. அவர் இறந்த அன்று ஒப்பாரி வைக்க ஒருவருக்கும் தெரியவில்லை. கேசட்டில் பக்திப் பாட்டுப் போட்டு அனுப்பி வைத்தோம். அவர் பாடியதில் நாலு அடி சொல்லுங்கள் என்று கேட்டால், இன்று நம்மில் யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

அந்தத் தோட்டமும் இப்போது இல்லை. நம் பக்கத்திலேயே பாருங்கள். இன்றைய வங்சா மாஜூ இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஹாவ்தோர்ன்டன் ரப்பர் தோட்டம். நிரை இருந்த இடத்தில் சாலையும் மாடிக் கட்டிடங்களும் எழுந்துவிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஜனங்கள் கலைந்து போனார்கள். லயம் இருந்தவரை ஒரு வீட்டில் பாடியது பத்து வீட்டுக்குக் கேட்டது. அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் பாட்டிக்குக் கேட்கவும் ஆள் இல்லை, திருப்பிப் பாடவும் ஆள் இல்லை.

ஆகையால் இந்தக் கூட்டத்தை மாலை போட்டுக் கலைகிற கூட்டமாக முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நாம் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று இருக்கின்றன.

ஒன்று: உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தோட்டத்துப் பாட்டு தெரிந்த மூதாட்டி இருந்தால், இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது, எந்தச் சமயத்தில் பாடுவது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒப்பாரியை வீட்டில் பாட மாட்டேன், ஆகாது என்பார்கள். வற்புறுத்தாதீர்கள்; கோயில் மண்டபத்துக்கோ மரத்தடிக்கோ அழைத்துப் போங்கள். கிராணிமார் அதைக் கேட்டு எழுதி வைக்கட்டும். எழுதும்போது சொல்லைத் திருத்த வேண்டாம். அவர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.

இரண்டு: திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ அவரைப் பாட அழைத்தால், சினிமாப் பாட்டுக் குழுவுக்குப் பேசுவது போல முன்கூட்டியே தொகை பேசி, மேடையில் எல்லோரும் பார்க்கக் கையில் கொடுங்கள்.

மூன்று: அவர் பாடும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருப்பிப் பாடச் சொல்லுங்கள். பதிவு செய்த பாட்டு பெட்டியில் இருக்கும். திருப்பிப் பாடிய பாட்டுதான் வாயில் இருக்கும்.

அன்பர்களே, 2020 மார்ச்சில் பரவைக்குப் போய் நிற்க நம்மால் முடியவில்லை. சன்னலைத் திறந்து வைத்ததோடு நின்றுவிட்டோம். அந்தக் குறை இன்றும் நம் மனத்தில் இருக்கிறது. இந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் மூன்று நான்கு ஆத்தாமார் உட்கார்ந்திருக்கிறார்கள். மரம் வெட்டிக் கை காய்த்தவர்கள். நாம் பேசியதைக் கேட்டு அவர்களில் ஒருவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பதை இங்கிருந்தே பார்க்கிறோம். முனியம்மா அம்மையாருக்கு நம் பேச்சு போதும். ஒலிபெருக்கியை அந்த ஆத்தாவிடம் கொண்டு போங்கள். அவர் பாடட்டும், நாம் திருப்பிப் பாடுவோம்.