ஆட்டுக்கால் சூப்: கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் ஆட்டுக்கால் சூப்பையும் வரவு செலவு பார்க்கிற கண்ணோடுதான் பார்க்கிறேன்.

நம் குடியிருப்பில் பெரியவர் யாராவது வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால், கட்டுப் போட்டு வீடு திரும்புவதற்குள் "தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுங்க" என்று நாலு பேர் சொல்லிவிடுகிறோம். சளி என்றால் நெஞ்செலும்பு சூப். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கும் அதே வைத்தியம்தான். இதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

பழக்கம் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையில் எலும்பு முறிவு சிகிச்சைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முறிவு கண்டவருக்கு இறைச்சி ரசம், பால், நெய், பட்டாணிச் சாறு போன்றவற்றைக் கொடுக்கச் சொல்கிறது. உப்பு, காரம், புளிப்பைத் தவிர்க்கவும் சொல்கிறது. கவனியுங்கள்: அந்தப் பட்டியலில் ரசம் பலவற்றில் ஒன்று. நாமோ மற்றவற்றை விட்டுவிட்டு, உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்ட சூப்பை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மதுரையில் இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்கிற 'பாயா'வும் இதே குடும்பம்தான். 'கால்' என்று பொருள்படும் பாரசீக, உருதுச் சொல் அது. கறி வாங்க முடியாத வீட்டிலும் காலும் எலும்பும் வாங்க முடிந்தது. நெடுநேரம் கொதித்தால் அதிலும் ருசி இறங்கியது.

எலும்பை வேகவைக்கத்தான் குக்கரின் முன்னோடியே பிறந்தது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில், நீராவியை அடைத்து எலும்பை மெதுவாக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்தார். பிறகு பாரிஸில் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து, மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இறைச்சிக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். செலவு குறைவு அல்லவா! அது உண்மையிலேயே உணவாகுமா என்று சந்தேகம் வந்து, மஜாந்தி என்ற மருத்துவர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 1841இல் அறிக்கை வந்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை.

காரணம் இன்று தெரியும். ஃபிரிட்ஜில் வைத்த சூப் ஜெல்லி போல உறைகிறதே, அதுதான் ஜெலட்டின். அதுவும் புரதம்தான். ஆனால் உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. முட்டை, பால், மீன், பருப்பு இவற்றிலிருந்து அது வரவேண்டும்.

அடுத்தது கால்சியம். எலும்பில் நிறைய இருப்பது உண்மை. ஆனால் கொதிக்கிற தண்ணீரில் அது அதிகம் கரைந்து வருவதில்லை. 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல். நம் பரவை மார்க்கெட்டில் கிடைக்கும் முருங்கைக்கீரையும் கால்சியத்தில் சூப்பை முந்திவிடும்.

அப்படியானால் சூப் வீணா? இல்லவே இல்லை. வாய் கசந்து சோறு இறங்காதவருக்கு அந்த மணமே பசியைக் கிளப்பும். சூடான சூப் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். பல் இல்லாதவருக்கும் சிரமமில்லை. ஆகவே சூப் சாப்பாட்டுக்குத் துணை. அதுவே சாப்பாடு என்றால்தான் வம்பு. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ஆனால் புண் ஆறவும் எலும்பு கூடவும் தேவையானது உள்ளே போயிருக்காது. வயதானவர்கள் இப்படித்தான் மெலிந்துபோகிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

ஒன்று: சூப்போடு இட்லியும் முட்டையும், அல்லது குழைந்த பருப்புச் சோறு கட்டாயம். சைவ வீடுகளுக்குப் பாலும் பருப்பும் இருக்கின்றன. சூப் குடிக்கவில்லை என்று கவலை வேண்டாம்.

இரண்டு: ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறையுங்கள். கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு, ஆறியதும் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிடுங்கள்.

மூன்று: யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களும், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

நான்கு: நம்மூர் வெயிலில் சூப்பை இரவு முழுக்க அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. சூப் குடிக்கிறோம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் பிசியோதெரபியையும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பெரியவருக்கு அன்போடு சூப் கொண்டு போகும்போது, "மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெறும் சூப் மட்டும்தான் என்றால், மறுநாள் ஒரு முட்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள்.